யாருக்குய்யா தகுதி இல்லை?

பழங்குடி மொழிகளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வருகிறது. ‘நல்ல விஷயம்தான் தோழர். ஆனா தகுதியான ஆசிரியருக்கு எங்க போறது?’ காரைக்குடியில் இந்தப் பதிலைப் பல வாயிலிருந்து கேட்டுவிட்டேன். பேராசிரியர் சொல்கிறார். சங்கத்து ஆசிரியர் சொல்கிறார். தமிழ், தமிழ் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுகிறவரும் சொல்கிறார். மொழி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆள் இல்லை என்கிறார்கள். வேண்டாம் என்றால் நேருக்கு நேர் சண்டை போடலாம். அனுதாபத்தோடு கையை விரிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப் போகிறேன்.

தகுதி என்ற சொல் நமக்குப் புதுசா என்ன? 1990இல் மண்டல் குழுப் பரிந்துரையை அமலாக்குகிறோம் என்று அரசு அறிவித்ததும் தகுதி செத்துப்போச்சு, திறமை செத்துப்போச்சு என்று வடக்கே தெருவில் இறங்கினார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் நம் பிள்ளைகளைக் கல்லூரி வாசலிலும் அலுவலக வாசலிலும் நிறுத்திக் கேட்ட கேள்வி இதுதான். அதன் சூழ்ச்சி நமக்கு அத்துப்படி. அளவுகோலைச் செய்வது அவன். அளப்பது அவன். நீ குட்டை என்று தீர்ப்பு எழுதுவதும் அவன். நம்மிடம் நீட்டிய அதே அளவுகோலை இன்றைக்குப் பழங்குடி மக்களிடம் நீட்டுகிறார்கள். நம்ம ஆட்களிலும் சிலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தமிழ்த் தாய்க்குக் கோயில் கட்டிய ஊர் காரைக்குடி. 1975இல் அடிக்கல் நாட்டி 1993இல் திறந்தார்கள். கீழடியும் எங்கள் சிவகங்கை மாவட்டத்தில்தான். 2015இல் தோண்ட ஆரம்பித்து, கிடைத்த பானை ஓடுகளுக்கு 2023இல் அருங்காட்சியகம் திறந்தாச்சு. சந்தோஷம். மண்ணுக்குள் கிடந்த எழுத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிற மாவட்டம் இது. இதே மாவட்டத்தில் மண்ணுக்கு மேலே ஒரு மொழி உயிரோடு நடமாடுகிறது. சிவகங்கைப் பழமலை நகரில், காரைக்குடிப் பக்கத்துக் குடியிருப்பில், பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி பாசிமணி விற்கிற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களே, அது தமிழ் இல்லை. வாக்ரிபோலி. நாம் நரிக்குறவர் என்கிறோம், குருவிக்காரர் என்கிறோம். அவர்கள் தங்களை வாக்ரி என்கிறார்கள்.

வாக்ரிபோலி இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி. குஜராத்திக்குக் கிட்டத்துச் சொந்தம். சீனிவாச வர்மா இம்மொழியை ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970லேயே வெளியிட்டது. இது மொழிதான், இதற்கென்று ஒலியமைப்பும் இலக்கணமும் உண்டு என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரவில்லை. நம் பொதுப்புத்தியில் அது ‘குருவிக்காரன் பாஷை’. அவர்கள் தமிழ் பேசும் விதம் சினிமாவுக்குச் சிரிப்பு.

இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965இல் லோகூர் குழு சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு வருஷம்! அதுவரைக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிடந்தார்கள். இப்போது சாதிச் சான்றிதழ் கையில் வருகிறது. சரி, மொழி? இந்தப் பிள்ளை பழங்குடி என்று ஒரு கையால் எழுதிக் கொடுக்கிற அரசு, அதே பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கும்போது, வாயில் இருக்கிற மொழியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்கிறது. வாசலில் கழற்றி வைக்கிற கதை நமக்குத் தெரியாததா? ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்?

நாங்கள் சில பேர் ஒரு வாக்ரி குடியிருப்பில் சாயங்கால வகுப்பு நடத்தி வந்தோம். அங்கே எட்டு வயசுப் பிள்ளை ஒருத்தி. பாசி கோக்கும்போது இத்தனை சிவப்பு, இத்தனை வெள்ளை, மறுபடி இத்தனை சிவப்பு என்று எண்ணிக்கை பிசகாமல் கோப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பேர் ‘மக்கு’. வாத்தியார் கணக்குக் கேட்டால் முழிக்கிறாளாம். கணக்கு தெரியாமல் முழிக்கவில்லை. கேள்வி விளங்காமல் முழிக்கிறாள். அதே கணக்கை அவளுடைய பாட்டி தன் பாஷையில் கேட்டார். கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்தது. அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். நான் சொன்னேன்: ‘ஆயா, பேசாம நீங்களே பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லிக் குடுங்களேன்.’ சிரித்துவிட்டுக் கேட்டார்: ‘நம்மள உள்ள விடுவாங்களா சாமி? விட்டாலும் சம்பளம் குடுப்பாங்களா?’

எத்தனையோ கல்விக் கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டு கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உள்ளே விடுவார்களா, சம்பளம் கொடுப்பார்களா? ஆசிரியர் பிரச்சினை என்று சொல்கிறோமே, அது மொத்தமும் இதற்குள் அடக்கம்.

சட்டத்தைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தில் 350ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1956இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கப் போதிய வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பயிற்று மொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ‘முயல வேண்டும்’, ‘இயன்றவரை’. இந்த இரண்டு வார்த்தையை வைத்தே எழுபது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆசிரியர் தகுதியைப் பற்றியது. அங்கே முயற்சியும் கிடையாது, இயன்றவரையும் கிடையாது. குறைந்தபட்சத் தகுதி இல்லாதவர் ஆசிரியராக முடியாது, கறார். பிள்ளையின் உரிமை என்று வரும்போது நெளிகிற சட்டம், தடுக்க வேண்டிய இடத்தில் விறைப்பாக நிற்கிறது. இதிலும் ஒரு வேடிக்கை. தகுதி பெற்ற ஆசிரியர்கள் போதிய அளவு கிடைக்காத மாநிலங்களுக்கு மத்திய அரசு ஐந்து வருஷம் வரை தளர்வு கொடுக்கலாம் என்று அதே பிரிவில் வழி வைத்திருக்கிறார்கள். தேவைப்பட்டால் வளைக்கத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012இல் தொடங்கியது. முதல் தாளில் முதல் மொழியாக எழுதத் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது என்று ஐந்து மொழிகள். இருளா இல்லை. தோடா இல்லை, கோத்தா இல்லை, பணியா இல்லை, வாக்ரிபோலி இல்லை. இனி இந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். அந்த மொழியில் தேர்வு இல்லை, அதனால் அந்த மொழிக்குத் தகுதி பெற்ற ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லை, அதனால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லை, அதனால் பாடநூல் தேவையில்லை. பாடநூல் இல்லாத மொழிக்குத் தேர்வு எப்படி வைப்பது? வந்து நிற்பது புறப்பட்ட இடத்தில்தான். இதுக்குப் பேரு ஆள் பற்றாக்குறை இல்லை தோழர்களே, பூட்டு. பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, யாருமே உள்ளே வரமாட்டேங்கிறாங்களே என்று வருத்தப்படுகிறார்கள்.

மொழி தெரிந்தவருக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் வைத்திருப்பவருக்கு மொழி தெரியாது. வாக்ரிபோலியில் ‘வா, உட்காரு, சாப்பிட்டியா’ என்று கேட்கத் தெரியாத ஒருவர், வாக்ரிப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு எடுக்க முழுத் தகுதி உள்ளவர் என்று நம் சட்டம் சொல்கிறது. நான் அந்த ஆசிரியரைத் திட்டவில்லை. அவரும் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார். தெரியாததைத் தகுதி என்றும் தெரிந்ததைத் தகுதியின்மை என்றும் பேர் மாற்றி எழுதுகிற ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

இந்த மொழிகளைக் கணக்கிலிருந்தே காணாமல் போக்குகிற வேலையும் நடக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசுகிற மொழிகளை 1971 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியாக வெளியிடுவதில்லை. சில ஆயிரம் பேர் பேசுகிற தோடாவும் கோத்தாவும் ‘மற்றவை’க்குள் போய்விடும். 2011 கணக்கெடுப்பில் இருளாவையும் குறவாவையும் தமிழ் என்ற தலைப்பின் கீழ் சேர்த்து எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம். இடையில் விழுந்திருக்கிற இருபத்தாறு சதவீதப் பள்ளத்துக்கு வறுமை காரணம், தூரம் காரணம், சான்றிதழ் கொடுக்காமல் இழுத்தடித்தது காரணம். விளங்காத மொழியில் பிள்ளையை உட்கார வைத்ததும் காரணம். முதல் மூன்றையும் அறிக்கைகளில் எழுதுகிறார்கள். நாலாவதை எழுத மாட்டேன் என்கிறார்கள்.

ஆள் இல்லை என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். எமெனோ என்ற மொழியியலாளர் 1935இல் இந்தியா வந்து நீலகிரியில் தங்கிக் கோத்தா, தோடா மொழிகளைப் படித்தார். கோத்தா உரைகளை 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. உலகம் எமெனோவைப் பெரிய அறிஞர் என்கிறது. அறிஞர்தான். அவருக்குக் கோத்தா மொழியைச் சொல்லிக் கொடுத்தது யார்? அந்தக் கதைகளை வாயால் சொல்லி எழுத வைத்தது யார்? சுள்ளி என்ற கோத்தர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டுப் பேராசிரியருக்கே பாடம் எடுக்கத் தகுதியுள்ள கோத்தர் ஒருவர் இருந்திருக்கிறார். இன்றைய தகுதித் தேர்வில் கோத்தா ஒரு மொழியாகக்கூட இல்லை. அப்ப ஆள் இருந்தது, இப்ப இல்லைன்னா நடுவுல என்ன நடந்தது?

ஒடிசாவைப் பாருங்கள். 2006-07இல் சவரா, குயி, கோயா, முண்டா, சந்தாலி என்று பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளை ஆரம்பித்தார்கள். பின்னால் இருபத்தொரு மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்தந்த மொழி பேசுகிற இளைஞர்களையே ஆசிரியராக எடுத்தார்கள். முதலில் தாய்மொழி, அதிலிருந்து படிப்படியாக ஒடியா, ஆங்கிலம். அங்கே குறை இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் மழலையர் பள்ளிகளை ஆரம்பித்தபோது மாவோரி பேசத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கிழவிகளும் கிழவர்களும்தான். அவர்களையே கொண்டுவந்து பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். ஐந்து வருஷத்தில், 1987இல், மாவோரி அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. கலிபோர்னியா மாநிலம் 2009இல் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கப் பூர்வகுடி மொழியைக் கற்பிக்க ஒருவருக்குத் தகுதி இருக்கிறதா என்று அந்தப் பூர்வகுடிச் சமூகமே சோதித்துப் பரிந்துரைக்கும். அரசு சான்றிதழ் கொடுக்கும். மொழி யாருடையதோ அவர்கள்தான் தேர்வாளர். அளவுகோல் கை மாறுகிறது, கவனித்தீர்களா? நான் கேட்பதும் அதுதான்.

ஒடிசாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் ஏன் போக வேண்டும்? 2021இல் கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்ததே! பிளஸ் டூ முடித்த பெண்கள் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தெருத் தெருவாக வகுப்பு எடுத்தார்கள். அன்றைக்குத் தகுதித் தேர்வு எங்கே போனது? அரசுக்குத் தேவை என்றால் தகுதி குனிந்து வழிவிடும். பழங்குடிக்குத் தேவை என்றால் நிமிர்ந்துகொள்ளும். ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: அந்த ஆயிரம் ரூபாய் வேலையை நான் கேட்கவில்லை. ‘மொழி உதவியாளர்’ என்று பேர் வைத்து, மூலையில் பாய் போட்டு உட்கார வைத்து, டீ வாங்கவும் அனுப்புகிற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். ஆசிரியர் என்ற பேர் வேண்டும், நாற்காலி வேண்டும், ஆசிரியருக்கான சம்பளம் வேண்டும்.

2024 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு ஒரு அறிவிப்புச் செய்தது. தோடா, கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய். பதிவு செய்யட்டும், நல்லதுதான். ஆனால் ஆவணம் யாருக்கு? ஒலிப்பதிவு செய்து பத்திரப்படுத்தினால் மொழி பிழைத்துவிடுமா? பிள்ளை வாயில் இருந்தால்தான் மொழி பிழைக்கும். கீழடிக்கு அருங்காட்சியகம் சரி, பானை செய்தவர்கள் இன்று இல்லை. உயிரோடு இருக்கிறவனின் மொழிக்கு அருங்காட்சியகம் கட்டுவது, ஆள் சாகிறதுக்கு முன்னாடியே கருமாதிப் பத்திரிகை அடிக்கிற மாதிரி. ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் அந்தக் கிழவி ‘மொழி வளம்’. பள்ளிக்கூட வாசலில் அதே கிழவி ‘தகுதியற்றவர்’.

எதிர்வாதங்கள் வரும். ‘வாக்ரிபோலி படிச்சு என்ன வேலைக்குப் போகப் போறான்? தமிழும் இங்கிலீசும் படிச்சாத்தானே பொழைப்பு?’ பழங்குடித் தாய் தகப்பனே இதைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நானும் தமிழை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்பில் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் எழுத்தையும் எண்ணையும் பிடிக்க வைத்துவிட்டு, அந்தப் பிடியோடு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கூட்டிப்போக வேண்டும். வாக்ரிபோலிக்குப் பரவலான எழுத்து வழக்கு இல்லை என்றால் தமிழ் எழுத்திலேயே ஆரம்பிக்கலாம். அப்படிச் செய்தால் தமிழும் சீக்கிரம் வரும். இப்போதைய ஏற்பாட்டில் பிள்ளை தன் மொழியையும் விடுகிறது, தமிழும் ஏறாமல் ஐந்தாம் வகுப்போடு பாசி விற்கப் போய்விடுகிறது.

‘இது தமிழைப் பலவீனப்படுத்தும், இந்திக்காரனுக்கு வழிவிடும்’ என்று இன்னொரு வாதம். 1965இல் தமிழ்நாடு எதற்காக எரிந்தது? என் மொழி இருக்கும் இடத்தில் உன் மொழியைக் கொண்டுவந்து திணிக்காதே என்பதற்காக. அந்த நியாயம் டில்லியை நோக்கி மட்டும்தானா? இந்தியைத் தடுக்கிற கை, வாக்ரிப் பிள்ளையின் வாயைப் பொத்தினால் அதற்குப் பேர் மொழிப்பற்று இல்லை, மொழி ஆதிக்கம். தன்னைவிடச் சின்ன மொழியை மதிக்கிற தமிழுக்குத்தான் தன்னைவிடப் பெரிய மொழியை எதிர்க்கிற தார்மீகம் உண்டு.

கடைசியாக, ‘தலித் பத்திரிகையில் இதெல்லாம் எதுக்கு?’ 1931இல் இன்றைய சிவகங்கையும் சேர்ந்திருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடிப் பதினொரு தடைகள் போட்டார்கள். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் பதிவு செய்தார், அம்பேத்கரும் எடுத்துக் காட்டினார். நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும் என்பவையும் அந்தத் தடைகளில் இருந்தன. நாம் படித்து வந்த பிறகு நம் பேச்சைக் ‘கொச்சை’ என்றார்கள். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ நம் தெருப் பேச்சிலேயே வந்தபோதும் இதெல்லாம் ஒரு மொழியா என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. முதலில் படிக்காதே என்றார்கள். பிறகு படி, ஆனால் உன் வாயோடு வராதே என்றார்கள். நாம் அனுபவித்த இந்த இரண்டாவது தடையைத்தான் வாக்ரிப் பிள்ளை இன்று அனுபவிக்கிறது. இது நம்ம விஷயம் இல்லைன்னா வேறு எது நம்ம விஷயம்?

ஆகவே கோரிக்கைகள். ஆசிரியர் தகுதித் தேர்வின் மொழிப் பட்டியலில் பழங்குடி மொழிகளைச் சேர்க்க வேண்டும். தேர்வு வைக்க முடியாத மொழிக்கு அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் அமர்ந்த குழுவே தகுதிச் சான்று வழங்க வேண்டும். அந்த மொழி பேசுகிற, பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த இளைஞர்களை இப்போதே பணியில் அமர்த்தி, சம்பளத்தோடு ஆசிரியர் பயிற்சி கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களைக் கதை சொல்லவும் பேச்சு கற்பிக்கவும் மதிப்பூதியத்தோடு வகுப்புக்கு அழைக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறையின் முந்நூறுக்கு மேற்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகளில் முதல் கட்டமாகத் தொடங்கலாம். சமவெளியில் சிதறி வாழும் வாக்ரிப் பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளிகளை மறந்துவிடக் கூடாது.

காரைக்குடியில் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பி.எட். கற்பித்தல் பயிற்சிக்கு எந்தெந்தப் பள்ளிக்கோ போகிறீர்கள். வாக்ரிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் போங்கள். குடியிருப்புக்குப் போய் அந்த மொழியில் நூறு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுக்கிற ஆயாவை ‘டீச்சர்’ என்று கூப்பிடுங்கள். பிளஸ் டூ முடித்த வாக்ரிப் பையன்கள், பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி, அவர்கள் சம்மதத்தோடு பட்டியல் எடுங்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு பட்டியலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். தகுதியான ஆள் எங்கே என்று அங்கே கேட்பார்கள். இதோ நிக்கிறாங்க, வேலை எங்கய்யா என்று திருப்பிக் கேளுங்கள்.